தாழ்ப்பாள் ஸ்க்ரூ

பெரம்பலூர்க் கடையொன்றில், என் கம்ப்யூட்டர் ஃபேனை மாட்டுவதற்கு ஸ்க்ரூ தேடிக்கொண்டிருந்தேன். சற்று நீளமான ஒன்றைக் கையிலிருந்த ஃபேனில் வைத்துத் திருகினேன்.

"அழுத்தாதீங்க சார், வெடிச்சிடும்" என்றார் கடைக்காரர். அதற்குள் பிளாஸ்டிக் 'டிக்' என்று விரிசல் விட்டது.

அதே சத்தத்தைச் சிறுவயதில் அரியலூர் வீட்டில் கேட்டிருக்கிறேன். சூடேறினால் அரக்கு வாசம் வீசும் அப்பாவின் ரேடியோவில், தொலைந்த ஸ்க்ரூவுக்குப் பதிலாகக் கதவுத் தாழ்ப்பாளின் ஸ்க்ரூவை முறுக்கினேன். பெட்டி பிளந்தது, ஆனாலும் ரேடியோ பாடியது. பழி அக்காமேல் விழுந்தது. நான் வாய் திறக்கவில்லை. அதன்பின் அப்பா அவளை ரேடியோ இருந்த அறைக்குள்ளேயே விடவில்லை. அவள் சன்னலுக்கு வெளியே நின்றுதான் பாட்டுக் கேட்டாள்.

கடை வாசலில் நின்றே, திருமானூரில் இருக்கும் அக்காவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அடப்பாவி" என்றாள். "ஞாயித்துக்கெழம வர்றப்ப ஒரு ரேடியோ வாங்கிட்டு வா. நீ தொடக் கூடாது. ஸ்டேஷன நான்தான் திருப்புவேன்."