இசைவாணிக்கு ஆட்டம் வேண்டும்

"ஏய் ஷாலினி, எடதுபக்கம் பாருடி, வந்துக்கினு இருக்கா! வுடாத, வுடாத... ஆங், அப்பிடித்தான்!"

ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குள் கோல்கீப்பர் இசைவாணியின் தொண்டை மைதானத்தைத் தாண்டி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிருக்கும். கச்சிராயபாளையம் பெண்கள் கால்பந்து அணி ஆடும்போது பந்து எங்கே இருக்கிறது என்று பார்க்கவே வேண்டாம். அவள் யாரைத் திட்டுகிறாள் என்று காதில் விழுந்தால் போதும். தடுப்பாட்டக்காரி ஷாலினிதான் அதிகம் வாங்கிக் கட்டிக்கொள்பவள்.

இசைவாணிக்கு வயது இருபத்து மூன்று. வார நாட்களில் வடக்கனந்தல் பக்கம் சூளையில் லாரிக்குச் செங்கல் ஏற்றுகிறாள். கீழே இருந்து இரண்டிரண்டாக வீசுவார்கள். மேலே நின்று பிடித்து அடுக்க வேண்டும். "கல்ல எதிர்த்துப் புடிச்சா வெரலு போயிடும். அதுகூடவே கைய கொஞ்சம் பின்னால இஸ்துக்கணும்" என்று வெறுங்காற்றில் பிடித்துக் காட்டுவாள். பந்தையும் அப்படித்தான் பிடிக்கிறாள். மற்றவர்கள் குத்தித் தள்ளுகிற பந்தை இவள் வாங்கி வயிற்றோடு அணைத்துக்கொள்வாள்.

போன வருஷம் சென்னையின் பெரிய கிளப் ஒன்று அவளை மூன்றாவது கோல்கீப்பராக அழைத்துப்போனது. விடுதி, புது பூட்ஸ், ஏசி பஸ். "சோத்துக்கு கொறையே இல்ல. பத்து மாசத்துல எட்டு கிலோ ஏறிட்டேன். ஆட்டந்தான் கெடைக்கல." பயிற்சியில் மற்றவர்கள் பெனால்டி அடித்துப் பழக இவள் கம்பத்துக்கு நடுவே நிற்பாள். போட்டியன்று பெஞ்சு. ஒரே ஒரு முறை கடைசி பத்து நிமிடத்துக்கு இறக்கினார்கள். பழக்கதோஷத்தில் "ஷாலினி, பாருடி!" என்று கத்தினாள். அந்த அணியில் ஷாலினி என்று யாருமே இல்லை. தடுக்க வேண்டியவர்கள் திரும்பி இவளைப் பார்க்க, பந்து வலைக்குள் போனது. அத்தோடு சரி, மறுபடி இறக்கவில்லை. சீசன் முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தாள்.

இந்த வருஷம் கள்ளக்குறிச்சியில் நடந்த ஒருநாள் போட்டிக்கு அதே கிளப் வந்தது. அரையிறுதியில் கச்சிராயபாளையத்தோடுதான் மோதல். ஆட்டத்துக்கு முன்பே மேலாளர் ஜெயப்பிரகாஷ் ஒப்பந்தத் தாளோடு வந்து நின்றார். இந்த முறை இரண்டாவது கோல்கீப்பர். அன்றைக்கே பதில் வேண்டுமாம்.

"கல்லு தூக்கி கையெல்லாம் காச்சுப் போச்சு. பேசாம கையெழுத்துப் போடுடி" என்றாள் அம்மா செல்லியம்மாள்.

அம்மா சொல்வதில் நியாயம் இருந்தது. மழை பிடித்தால் சூளையில் வேலை நின்றுவிடும், கிளப்பில் சாப்பாடு நிற்காது. ஆனால் இரண்டாவது கோல்கீப்பர் என்றாலும் மறுபடி பெஞ்சுதானே என்று இசைவாணி தாளை வாங்காமலே ஆடப் போனாள். அன்று ஆட்டம் முழுக்க அவள் வாயே திறக்கவில்லை. ஷாலினி பயந்தே போனாள்.

யாரும் கோல் போடாமல் டை பிரேக்கர் வந்தது. கிளப்பின் முதல் பெண் பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது இசைவாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் கால்கள் எல்லாம் பத்து மாதமாக இவளிடம்தானே அடித்துப் பழகின!

"சோத்துக்கைப் பக்கந்தான அடிப்ப? அடி, வா!" போன குரல் திரும்பிவிட்டது.

ஐந்தில் மூன்றைப் பிடித்தாள். தட்டிவிடவில்லை, பிடித்தே விட்டாள்! மூன்றுக்கு இரண்டு, வெற்றி. ஷாலினி ஓடிவந்து மேலே விழுந்தாள். கூட்டத்தில் செல்லியம்மாள் முன்பின் தெரியாதவர்களை எல்லாம் கட்டிப்பிடித்து, "அது எம் பொண்ணுங்க, எம் பொண்ணு!" என்று அழுதாள்.

ஜெயப்பிரகாஷ் தோற்ற கையோடு மறுபடி வந்தார். நல்ல மனிதர், முகத்தில் கோபமே இல்லை.

"அடுத்த ஞாயித்துக்கெழம என்ன எறக்குவீங்களா சார்?"

"அதை இப்பவே எப்படிம்மா சொல்றது?"

"அப்ப வேணாங்க சார். பெஞ்சுல குந்திக்கினு இருந்த வரைக்கும் போதும். இங்க வாரா வாரம் ஆடறேன்."

செல்லியம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, கீழே கிடந்த கையுறையை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

இறுதி ஆட்டத்துக்கு விசில் ஊதிக் கூப்பிட்டார்கள். ஜெயப்பிரகாஷ் இன்னும் தாளை நீட்டியபடியே நின்றிருந்தார். இசைவாணி ஓடிப்போய் இரண்டு கம்பத்துக்கும் நட்டநடுவில் நின்றாள். குதிகாலை அழுத்தி மண்ணில் ஒரு கோடு கிழித்தாள். அதன் இருபக்கமும் காலை அகட்டி ஊன்றிக்கொண்டாள்.