இனிஷியல் மாறிய முகவரி

ஈமெயிலின் முகவரிப் புத்தகம் பழுதானால் கூப்பிடப்படுகிற ஆள் நான்; என்னைப் போல ஹெல்ப்டெஸ்க்கில் மாரடிக்கிற சகபாவிகளுக்குச் சொல்லவே வேண்டாம், மெஷின் கெட்டுப் போவது ரொம்ப அபூர்வம்.

அப்பா வீடு

பெங்களூர் அடுகோடியில் எங்கள் கம்பெனி. ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்ளும் ஆரோக்கியசாமி சார் தினமும் கோலார் தங்கவயலிலிருந்து ரயிலில் வருகிறவர். ஒரு நாள், "புஸ்தகத்துல ஒருத்தரையும் காணோம் தம்பி" என்று பதறிக்கொண்டு வந்தார்.

போய்ப் பார்த்தால் எல்லாரும் பத்திரமாகத்தான் இருந்தார்கள். புரோகிராம் 'கடைசிப் பெயர்' கேட்கிறது. நம்மாட்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? அந்த இடத்தில் சார் அவரவர் அப்பா இனிஷியலைப் போட்டு வைத்திருந்தார். எதையோ அமுக்கியதில் பட்டியல் அந்த வரிசைக்கு மாறி, எஸ். மேரி 'எம்'மிலிருந்து 'எஸ்'ஸுக்குப் போய்விட்டாள். விளக்கினேன். சிரித்துவிட்டார்.

"அப்போ எல்லாரும் அவங்கவங்க அப்பா வீட்டுக்குப் போயிட்டாங்கன்னு சொல்லு!"

இரண்டு அருள்

எங்களிடம் எம். அருள் இரண்டு பேர். ஆஸ்டின் டவுன் அருளுக்குக் கல்யாணமாகிவிட்டது, சிவாஜிநகர் அருளுக்கு இன்னும் ஆகவில்லை. 'இருவரும் ஒரே ஆளா? சேர்த்துவிடவா?' என்று புரோகிராம் கேட்டதற்கு, ரிசப்ஷன் மஞ்சுளா, அவள் கன்னடத்தில் சொல்கிற மாதிரி "சும்னே", சும்மாவே, ஆமாம் என்று அமுக்கிவிட்டாள். அடுத்த வாரம் ஆஸ்டின் டவுன் அருளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆபீஸ் வாழ்த்து மொத்தமும் சிவாஜிநகருக்குப் போனது. பாவம், அந்த அருள் மறுநாள் காலையில் என் மேஜை முன்னால் வந்து நின்றான்.

"அண்ணே, போன்ல வாழ்த்தைப் பார்த்துட்டு எங்கம்மா 'யார்றா அந்தப் பொண்ணு'ன்னு கேக்குறாங்கண்ணே!"

ஏ. ரோஸி

டிசம்பரில் ஆரோக்கியசாமி சார் மறுபடி வந்தார். மகள் ரோஸிக்கு மெயில் போட்டால் திரும்பி வருகிறதாம். அவள் தன் இஷ்டத்துக்கு தினேஷ் என்ற பையனைக் கட்டிக்கொண்டதில் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. எனக்குத் தெரியும். "போன் பண்ணிடுங்களேன் சார்" என்றேன். "அழுதுடுவேன் தம்பி" என்றார்.

அவர் வைத்திருந்தது ரோஸியின் பழைய வேலை முகவரி. அந்த வேலையை அவள் எப்போதோ விட்டிருக்க வேண்டும். எதற்கும் பார்ப்போமே என்று குப்பை மெயில்களைத் துழாவினேன். மூன்று வாரத்துக்கு முந்தைய ஒன்று திறக்கப்படாமல் கிடந்தது. அனுப்பியவர், டி. ரோஸி; புருஷன் தினேஷின் 'டி'. 'அப்பா, கிறிஸ்மஸுக்கு நாங்க ரெண்டு பேரும் வரலாமா? நீங்க சொன்னாதான் வருவோம்.'

"டி-ன்னு பார்த்ததும் யாரோன்னு விட்டுட்டேனே பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டார். பண்டிகைக்கு நாலே நாள்தான் இருந்தது. புது முகவரியைச் சேமித்தேன். உடனே வந்தது அந்தப் பாழாய்ப்போன கேள்வி: 'ஏ. ரோஸி, டி. ரோஸி, இருவரும் ஒரே ஆளா? எந்தப் பெயரை வைத்துக்கொள்ள?' அருள் விவகாரத்துக்குப் பிறகு அதில் கை வைக்கவே எனக்குப் பயம். நாற்காலியை விட்டு எழுந்துகொண்டேன்.

அவர் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஆமாம் என்று அமுக்கி, டி. ரோஸியையே வைத்துக்கொண்டு, 'ரெண்டு பேரும் வாங்க' என்று ஒற்றை விரலால் அடித்து அனுப்பினார். இந்த முறை மெயில் திரும்பி வரவில்லை.

"இனிஷியல்தானே தம்பி மாறியிருக்கு, அப்பன் மாறலையே."

புகாரை முடிக்கும்போது, 'பழுது எதில்?' என்ற கட்டத்தில் வழக்கம்போல 'உபயோகிப்பவரிடம்' என்று போட மனசு வராமல், இல்லாத பழுதை மெஷின் தலையிலேயே கட்டிவிட்டேன்.