மணி அடிக்காத மூன்று நாள்

பரந்தனுக்கு அருகே ஓர் அரிசி ஆலையில் என் கணவர் மின்வேலை பார்த்தார். நெல் அவிப்பதற்கு அங்கே பெரிய கொதிகலன் ஒன்று இருந்தது. அதற்குத் தண்ணீர் அனுப்பும் மோட்டர் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால், கிணற்றடியில். அது சூடேறி நின்றுவிட்டால் கொதிகலன் அறையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. தண்ணீர் வற்றிய கொதிகலன் வெடித்தால் பக்கத்தில் நிற்பவர் மிஞ்சமாட்டார். பெரும்பாலும் பக்கத்தில் நிற்பவர் அவர்தான்.

ஆகவே கிணற்றடியிலிருந்து கொதிகலன் அறைக்கு ஒரு மெல்லிய கம்பி இழுத்தார். மோட்டர் தானாக நின்றால் அதன் பெட்டிக்குள் இரண்டு தகடுகள் சேரும். அங்கே வைத்த பற்றறியின், அதாவது மின்கலத்தின், மின்சாரம் கம்பி வழியே போய்க் கொதிகலன் அறையில் மணி அடிக்கும். கம்பி எங்கள் சமையல் குசினிக்குப் பின்னால், கைக்கெட்டும் உயரத்தில் போனது.

அப்போது மகள் பிறந்து இருபது நாள். பிள்ளைப்பேற்றுத் துடக்கு, அந்தத் தீட்டு, இன்னும் கழியவில்லை. வரிசை வீடுகளுக்கெல்லாம் ஒரே கொடி. அதில் என் துணியும் பிள்ளையின் துணியும் படக்கூடாது என்று பக்கத்து வீட்டு அக்கா பக்குவமாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஏன் அக்காவின் மனதை நோகடிக்க வேண்டும் என்றிருந்தது. வேலியில் போட்டால் முள். கம்பி கண்ணில் பட்டது. தொட்டாலும் ஒன்றும் செய்யாது என்று என் கணவரே சொல்லியிருந்தார். மூன்று நாள் அதில்தான் காயவிட்டேன்.

நான்காம் நாள் காலை துணி எடுக்கப் போனபோது கம்பி ஒரு தூணடியில் அறுந்து தொங்கியது. எப்போது அறுந்ததோ தெரியாது. மணி அடிக்கவில்லை, ஆகவே எல்லாம் சரி என்று அவர் நெருப்புக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார்.

அறுந்த கம்பியை நானே முடிந்துவிடலாமா என்று யோசித்தேன். பிழையாக முடிந்தால்? முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழியும்வரை முன்வாசல் தாண்டக் கூடாதுதான். பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து ஓடினேன்.

"இஞ்சாருங்கோ, கம்பி அறுந்துபோச்சு. நான்தான் அதிலை துணி போட்டனான்."

அவர் முதலில் கொதிகலன் அடுப்பிலிருந்து நெருப்பை வெளியே இழுக்கச் சொன்னார். பிறகு கிணற்றடிக்கு ஓடினார். மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து அதைச் சொன்னார். நெருப்புப் போடுகிற பெரியவர் மட்டும் சிரித்தார்.

"தம்பி, உம்மடை மணியைவிடத் தங்கச்சி நல்லா அடிக்கிறா."

ஏச்சு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அதனால்தான் எனக்குக் கதைக்கத் துணிவு வந்தது.

"பிள்ளை அழாமல் கிடந்தாலும் நான் மூக்கடியிலை கை வைச்சுப் பாக்கிறனான். நீங்கள் சிரிக்கிறனீங்கள். உந்த மணி சும்மா கிடந்தா மட்டும் எப்பிடி நம்பிறியள்?"

அன்று பின்னேரம் முழுவதும் அவர் கம்பிகளை மாற்றிக் கட்டினார். மணியைக் கழற்றிவிட்டு ஒரு சிறு விளக்கு வைத்தார். மோட்டர் ஓடுமட்டும் அது எரியும். மோட்டர் நின்றாலும் அணையும், கம்பி அறுந்தாலும் அணையும். பற்றறி வீணாகிறது என்று முதலாளி முணுமுணுத்தாராம்.

இரண்டு கிழமை கழித்து விளக்கு அணைந்தது. நெருப்பை இழுத்துவிட்டார்கள். அரைவேக்காட்டில் நெல் பழுதாகிப் போனது. பார்த்தால் மோட்டருக்கும் ஒன்றுமில்லை, கம்பிக்கும் ஒன்றுமில்லை. பல்பு கருகியிருந்தது. என் கதையைக் கேட்டு வந்த வினை என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. முகமெல்லாம் சாம்பலோடு வந்தவர் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நீர் ஏன் யோசிக்கிறீர்? அணைஞ்ச உடனை ஒருத்தரும் காரணம் கேக்கேல்லை, நெருப்பை இழுத்தவை. எனக்கு அது காணும், வேறை ஒண்டும் வேண்டாம்."

மறுநாள் இரண்டு பல்புகளை அருகருகே பொருத்தினார்; ஒன்று கருகினாலும் மற்றது எரியும். துடக்கும் கழிந்திருந்தது. மகளைத் தூக்கிக்கொண்டு போய், இரண்டும் எரிவதைக் கொதிகலன் அறை வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.