மௌனிகாவின் சின்னப் பெட்டியும் மாமனாரின் பெரிய எஸ்.எம்.பி.எஸ்ஸும்

வெங்கடபதி மாமாவைத் தங்கமான மனிதர் என்று பீளமேடு முழுக்கச் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். இனிமேல் சொல்வதாக இல்லை. மருமகளைக் கேட்காமல் அவளுடைய கம்ப்யூட்டர் கேபினெட்டை இரும்பு அறுக்கும் கிரைண்டரால் அறுத்துவிட்டு, அறுத்த கையோடு காபி கேட்டவரை எந்த வாயால் தங்கம் என்பது?

மருமகள் மௌனிகா என் தோழி. கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர் மகள், கட்டடக்கலை படித்தவள். இன்னும் கட்டாத வீட்டைக் கம்ப்யூட்டரில் கட்டி, வாங்க வருகிறவர்களை அதற்குள் நடக்கவிட்டுக் காட்டுவது அவள் தொழில். மாடி ஏறலாம், ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். கல்யாணத்துக்கு முன்பு ஒரு கம்பெனியில் இதையே செய்தாள். உழைப்பு இவளுடையது, பெயர் அவர்களுடையது. இப்போதுதான் முதல் தடவையாக, மேட்டுப்பாளையத்தில் வில்லா கட்டும் ஒருவர் இவளை நம்பி, இவள் பெயரிலேயே வேலை கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை அங்கே பூமி பூஜை. வருகிறவர்களுக்கு நேரிலேயே ஓட்டிக் காட்ட வேண்டும். நன்றாக அமைந்தால் அவருடைய அடுத்த வேலைகளும் இவளுக்கே. பிளான் வரைந்து கொடுப்பது நான். “ரம்லாவும் நானும் செய்றோமுங்க” என்று என்னையும் சேர்த்துத்தான் அவரிடம் சொல்லியிருந்தாள்.

ஊர் ஊராகத் தூக்கிப் போக வேண்டும் என்பதால்தான் ஸ்கூட்டரில் காலடியில் வைக்கும் அளவுக்குச் சின்ன கேபினெட். அவ்வளவு சின்னப் பெட்டியில் அந்த வேலையைச் செய்தால் சூடு தாங்காது; அதனால் தண்ணீரில் குளிரவைக்கும் கூலர். கூலர் என்றால் கூடவே சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டர், ஃபேன்கள், ரப்பர் குழாய்கள். இவையெல்லாம் உட்கார்ந்த பிறகு, எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்ஸுக்கு மிஞ்சுவது ஒரு டிபன் டப்பா இடம்தான். அந்த அளவுக்குள் கிராஃபிக்ஸ் கார்டு கேட்கும் பவரையும் அது தர வேண்டும். சின்ன ரகம் என்று போட்டிருப்பதிலும் சில நீளமாக இருக்கும். நீளம் சரியாக இருந்தாலும், பின்னால் வருகிற வயர்கள் விறைப்பாக இருக்கும். வளைய இடம் இல்லாவிட்டால் குழாயை நெருக்கும்.

இதையெல்லாம் மௌனிகா ஒன்றுவிடாமல் பார்த்தாள். ஸ்வீட் பாக்ஸ் அட்டையை வெட்டி எஸ்.எம்.பி.எஸ் அளவுக்கு ஒரு பெட்டி செய்து, உள்ளே வைத்து, வயருக்குப் பதில் சணல் கயிற்றை வளைத்துப் பார்த்தாள். மற்ற பாகங்களையெல்லாம் தன் கையாலேயே பூட்டி முடித்துவிட்டு, பொருத்தமானதைத் தேடிப் பிடித்து காந்திபுரத்துக் கடையில் சொல்லிவைத்தாள்.

சரக்கு வந்த அன்று எங்கள் இருவருக்கும் மேட்டுப்பாளையத்தில் வேலை. “நா அந்தப் பக்கந்தான் போறேன், வாங்கியாறேன் அம்மணி” என்றார் மாமா. அங்கேதான் வந்தது வினை.

மாமா மோட்டார் பட்டறைக்காரர். கிணற்றுக்கு ஒரு ஹெச்.பி. போதும் என்றால் ஒன்றரை போட்டுக் கொடுப்பவர். அந்தக் கணக்கிலேயே ஆயுசு முழுக்கப் பிழைத்தவருக்கு, கடையில் அந்தக் குட்டிப் பெட்டியையும் அதன் விலையையும் பார்த்ததும் பொறுக்கவில்லை. இதே காசுக்குப் பெரிசே கிடைக்கும்போது மருமகள் தலையில் மிளகாய் அரைக்கிறார்களே என்று, மாற்றிப் பெரிசாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அவளுக்கு ஒரு போன் கிடையாது.

கடைக்காரரிடம் பிறகு நானே சண்டைக்குப் போனேன். “உள்ள போகாதுன்னு உங்களுக்குத் தெரியுமில்லீங்க? ஏன் சொல்லலை?”

“பெரியவரு அவ்வளவு உறுதியா சொல்றப்ப, எப்படிங்க மூஞ்சிக்கு நேரா இல்லைங்கறது? பாத்துக்கலாமுங்கன்னு சொன்னேன்.”

இந்த ஊர் மரியாதையைக் கொண்டுபோய் நொய்யல் ஆற்றில் போட வேண்டும்! ஆர்டர் கொடுத்தவள் முகம் அவருக்கு முகமாகவே தெரியவில்லை.

வீட்டில் வைத்துப் பார்த்தால் ரேடியேட்டர் இடித்தது. வேறு யாராக இருந்தாலும் பெட்டியை மூடிக் கடையில் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். மாமாவுக்கு இடிக்கிறது என்றால் அறுக்க வேண்டும், அவ்வளவுதான். கேபினெட்டைப் பட்டறைக்குத் தூக்கிப் போய், ரேடியேட்டரைத் தாங்கும் தகட்டை அறுத்து, ரேடியேட்டரை ஒரு பக்கமாகத் தள்ளி, பெரிசை உள்ளே நுழைத்துவிட்டார். மதர்போர்டு முதற்கொண்டு எல்லாம் உள்ளே இருக்கும்போதே!

சாயங்காலம் நாங்கள் திரும்பியபோது பெட்டி ஹாலில் இருந்தது. அந்த வீட்டில் பேச்சு தெலுங்கு. நான் இருந்ததால் தமிழில் சொன்னார்.

“பாரு அம்மணி, கச்சிதமா ஒக்காந்திருச்சு. போட்டும் பாத்துப்போட்டேன். ஃபேன் ஒரு சுத்து சுத்துச்சு, அப்பறம் நின்னுபோச்சு. என்னன்னு நீயே பாரு.”

மௌனிகா மூடியைக் கழற்றினாள். போர்டு மேலெல்லாம் இரும்புத் தூள். குழாய் மடங்கிக் கிடந்தது. அவள் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஊதிப்போட்டா போயிருமுங்க ரம்லா” என்று என்னிடம் சொல்லிவிட்டு, உள்ளே பார்த்துக் காபி கேட்டார். அவள் கணவன் ஹர்ஷாவோ, “அப்பா உனக்காகத்தானே அலைஞ்சாரு” என்றான். போர்டு செத்துப்போயிருந்தது. அதைச் சொன்ன பிறகும் அவன் அதையேதான் சொன்னான். புதுப் போர்டு வருவதற்குள் வெள்ளிக்கிழமை தாண்டிவிடும் என்றார்கள் கடையில்.

வெள்ளிக்கிழமை என் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனோம். பிளான் வரையத்தான் அது லாயக்கு. வீட்டுக்குள் நடக்கவிட்டால் வாசலிலேயே திக்கி நின்றது. வந்தவர்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். வில்லாக்காரர் கோபப்படக்கூட இல்லை. “ஊட்டு வேலையோட இதெல்லாம் செரமந்தானுங்க அம்மணி” என்று பழக்கூடை கொடுத்து அனுப்பினார். மறுவாரமே வேலை ஒரு கம்பெனிக்குப் போய்விட்டது. அவளுடைய பழைய கம்பெனிக்கு.

அந்தச் செய்தி வந்த அன்று நான் அவள் வீட்டில்தான் இருந்தேன். மாமா மனம் கேட்காமல் வந்து நின்றார். “போனாப் போகுது. இதைவிடப் பெருசா, புதுசாவே வாங்கித் தாரேன் அம்மணி.”

மறுபடியும் பெரிசு! நான் வாயைத் திறப்பதற்குள் மௌனிகா எழுந்தாள். குரல் ஏறவில்லை.

“மாமா, நீங்க இல்லாதப்ப நா பட்டறைக்கு வந்து, நல்லதுன்னு நெனச்சு, உங்க லேத்துல ஒரு பல்சக்கரத்தை அறுத்து வேற மாட்டியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

அவர் யோசிக்கவே இல்லை. “பட்டறைக்குள்ளயே உட்டிருக்க மாட்டேன் அம்மணி” என்றார்.

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்கள் இருவரையும் பார்க்காமல் வாசல் பக்கம் போனார்.

“வா ரம்லா” என்றாள் மௌனிகா. ஹார்டுவேர் கடைக்குப் போய், அவள் அறைக் கதவுக்குப் பூட்டு வாங்கி வந்தோம்.