நான்காவது போல்ட்

எங்கள் குடும்பத்தில் கடலுக்குப் போனவர் ஒருவரும் கிடையாது. தூத்துக்குடியிலேயே பிறந்து வளர்ந்தும் எங்களுக்குக் கடல் என்றால் சாயங்காலக் காற்று, ஞாயிற்றுக்கிழமை மீன், கடையில் இருக்கும் இரும்பையெல்லாம் துருப்பிடிக்க வைக்கும் உப்பு, அவ்வளவுதான். அப்பாவுக்கு இரும்புக்கடை. அம்மாவின் தம்பியான மாமா அதில் அப்பாவுக்குத் துணை. அம்மாவைப் பெற்றவர்கள் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால் மாமாவை ஆறு வயதிலிருந்து வளர்த்தது அம்மாதான். அப்படிப்பட்டவர் ஒரு நாள், வெள்ளைக்காரர் ஒருவர் விற்றுவிட்டுப் போன சின்னப் பாய்மரப் படகை வாங்கிவிட்டு வந்து நின்றார். அப்போது எனக்குப் பத்து வயது.

அம்மா கத்தவில்லை, அழவில்லை. திரேஸ்புரம் கரைக்குப் போய்ப் படகின் சின்ன அறைக்குள் குனிந்து நுழைந்து பார்த்தாள். முந்தின நாள் பெய்த மழைத்தண்ணீர் மேல்தளத்தின் போல்ட்டுகள் வழியாக உள்ளே சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே வந்தவள், “ஒரு சொட்டு உள்ள விழுந்தாலும் நீ கரையிலதாம்ல. ஒழுகுத ஓட்டைய அடச்சுட்டு வா, பொறவு பேசுவோம்” என்றாள். மாமா தலையை ஆட்டினார்.

கயிறு கட்டும் கொக்கிகள், கப்பிகள், கைப்பிடிகள் என்று மேல்தளத்தில் இருந்த சாமான்களையெல்லாம் பிடித்துக்கொண்டிருந்தவை இருபத்தாறு போல்ட்டுகள். தளம் மரப்பலகை, மேலே மட்டும் ஃபைபர் பூச்சு. மாமா முதலில் பார்த்த வேலை இரும்புக்கடைக்காரர் மட்டுமே பார்க்கக்கூடிய வேலை. மொட்டை மாடி ஒழுகினால் என்ன செய்வாரோ அதையே செய்தார்: ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் தாரை அப்பினார். அடுத்த மழையில் படகு முன்பைவிடத் தாராளமாக ஒழுகியது.

மாமாவோடு பள்ளிக்கூடத்தில் படித்த மீனவர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “ஏலே, இது என்ன உங்க வீட்டு மொட்டமாடியா?” என்று கேட்டவர், முறையையும் சொல்லிக்கொடுத்தார். போல்ட்டைக் கழற்ற வேண்டும். துளையைச் சுத்தம் செய்து அதன் வாயைக் கொஞ்சம் அகலமாக்க வேண்டும். கொக்கிக்கு அடியில் பசையை வைத்துப் பாதி மட்டும் இறுக்கிவிட்டு, அது ரப்பர் மாதிரி ஆகும்வரை இரண்டு நாள் காயவிட்டு, பிறகுதான் மீதியை இறுக்க வேண்டும். மாமாவுக்கு எல்லாம் வந்தது, அந்த இரண்டு நாள் பொறுமை மட்டும் வரவில்லை. நட்டு போல்ட்டு விற்கிற கைக்கு முழுசாக இறுக்கினால்தான் நிம்மதி. இறுக்கிய இறுக்கில் பசையெல்லாம் பிதுங்கி வெளியே வந்துவிடும்.

அம்மா வைத்த பரிசோதனையோ பொல்லாதது. அறைக்குள் ஒவ்வொரு நட்டுக்கும் நேர் கீழே கோலப்பொடி தூவ வேண்டும். மேலே மாமா குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார். பொடியில் ஒரு புள்ளி விழுந்தாலும் போச்சு. முதல் தடவை ஒன்பது புள்ளிகள். இரண்டாவது தடவை ஒன்றே ஒன்று: வலது பக்கம் நான்காவது போல்ட், பாய்க்கயிற்றைக் கட்டும் கொக்கியைப் பிடித்திருந்த போல்ட். அன்றைக்கு மாமா முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. எனக்கு அம்மா மேல் கோபம் கோபமாக வந்தது.

மூன்றாவது பரிசோதனை தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை. பொடி தூவும் வேலை எனக்கு. வாயில் பபிள்கம் இருந்தது. தூவிக்கொண்டே நான்காவது போல்ட்டுக்கு வந்தேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. கம்மை எடுத்து நட்டின் மேல் அப்பி, விரலால் சுற்றிலும் அழுத்திவிட்டேன். அம்மா உள்ளே வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். மாமா பன்னிரண்டு குடம் ஊற்றினார். அம்மா வெகுநேரம் பொடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒழுகல” என்றாள். “போய்ட்டு வா.”

மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார். விடிந்ததும் கிளம்பி, வாடைக்காற்றிலேயே அந்த மீனவரோடு தெற்கே குலசேகரன்பட்டினம் போவது, மூன்று மணிக்குள் போய்ச் சேர்ந்து போன் செய்வது என்று முடிவானது. எல்லாம் நான் செய்த உபகாரம் என்று எனக்குள் ஒரே குஷி. ஸ்கூட்டரில் வீட்டுக்குத் திரும்பும்போது, சும்மா கேட்பதுபோல் கேட்டேன். மேலே தண்ணீர் இறங்கி, கீழே சொட்டாமல் இருந்தால் நல்லதுதானே?

“அதுதாம்ளா பெரிய ஆபத்து” என்றார் மாமா. “ஒழுகுனா நமக்குத் தெரியும். கீழ அடச்சிட்டா தண்ணி பலகைக்குள்ளயே நிக்கும். டீயில முக்குன ரஸ்க் மாதிரி மரம் ஊறிப் போவும். ஒரு நா காத்து ஒரு இழுப்பு இழுத்தா கொக்கி கையோட வந்துரும், பாய் போயிரும். நம்ம படகுல அந்தக் கவலையே இல்ல.”

ரஸ்க் டீயில் ஊற எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியும். மரத்துக்கு எவ்வளவு நேரமாகும் என்று தெரியாது. அவரிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் பாடிக்கொண்டே ஸ்கூட்டர் ஓட்டினார். வீட்டில் சொல்லலாம் என்று நினைத்தேன். அங்கே அம்மா இருந்தாள். காலையில் சொல்லலாம் என்று படுத்தேன். எழுந்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப்போல் ஒரு நாளை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. மொட்டை மாடியில் ஏறிக் கடலைத் தேடினேன். தண்ணீர்த் தொட்டிகளும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும்தான் தெரிந்தன. காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலும் அந்தக் கொக்கி பிடுங்கிக்கொண்டுவிட்டது என்று நினைத்தேன். கீழே அம்மா குழம்பைத் தீய விட்டாள். பெருக்கின இடத்தையே திரும்பப் பெருக்கினாள். மூன்று மணி ஆனது, நான்கு ஆனது. அப்பா மாமாவுக்குப் போன் போட்டுப் பார்த்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள். மாமாவைக் கொன்றுவிட்டேன் என்றே நான் முடிவுகட்டிவிட்டேன்.

ஆறு மணி தாண்டிப் போன் வந்தது. “அக்கா, வந்துட்டோம். நடுவுல காத்து படுத்துட்டு, அதாம் லேட்டு” என்று மாமா கத்தியது எனக்கே கேட்டது. அம்மா, “சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை அப்பாவிடம் கொடுத்தாள்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“தெரியும்ளா” என்றாள். “ஒவ்வொரு நட்டையும் தொட்டுத்தான பாத்தேன். நாலாவதுல வெரலு ஒட்டிச்சு.”

முந்தின நாளே மீனவரிடமும் தனியாகப் பேசியிருக்கிறாள். ஒரு சொட்டுத் தண்ணீருக்குப் படகு முங்காது, மரம் இற்றுப்போக வருஷக்கணக்காகும், திரும்பி வந்ததும் நானே பிரித்துப் பூசிவிடுகிறேன் என்று அவர் சொன்னாராம்.

“பொறவு எதுக்கும்மா இத்தன நாளா போவ வேண்டாம்னு சொன்ன?”

“போய் மூஞ்சியக் கழுவு” என்றாள் அம்மா.

என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் அவள் பேசாமல் இருந்துவிட்டாள் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. அன்றைக்கு மாமாவுக்கு முப்பத்திரண்டு வயது. அக்கா கடைசிவரை வேண்டாம் என்றிருந்தால் படகை விறகுக்குப் போட்டிருப்பார், எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார். அவரை அப்படி வளர்த்தது யார் என்று அம்மாவுக்குத் தெரியும். அவரை விட்டுவிட வேண்டும் என்றும் தெரியும். என் பபிள்கம் விரலில் ஒட்டும்வரை, எப்படி விடுவது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.