இடிக்கப் போகும் விடுதியின் காப்பாளர்

பதினெட்டு ஆண்டுகளாக இடிக்கப் போகிறார்கள் அந்தக் கட்டடத்தை. அதில் பதினாறு ஆண்டுகளாக அவர் காப்பாளர். பல்கலைக்கழகத்தின் பழைய மகளிர் விடுதி, மூன்று தளங்கள். சேர்ந்த அன்று சாவிக்கொத்தை நீட்டிய அலுவலர், "ரெண்டே வருஷந்தாம்மா, அப்புறம் புது பில்டிங்" என்றாராம். அதை நம்பித் தன் அறை ஜன்னலுக்குத் திரைகூடத் தைக்காமல் விட்டார். அன்று பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த மகள் இன்று வெளியூரில் வேலை பார்க்கிறாள். திரை போன வருடம்தான் வந்தது.

பல்கலைக்கழகத்துக்கு நீண்டகால வளாகத் திட்டம் ஒன்று உண்டு. அடுத்த இருபது ஆண்டுகளில் எங்கே என்ன கட்டுவது, எதை இடிப்பது, எங்கே மரம் வைப்பது என்று சொல்லும் வரைபடம். அதில் சிவப்பு அடித்த கட்டடம் இடிபடும். இடிபடும் கட்டடத்துக்குப் பராமரிப்பு கிடையாது, வீண் செலவாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் துணைவேந்தர் மாறும்போதெல்லாம் புதுத் திட்டம் வருகிறது, இடிக்கும் வருடம் தள்ளிப்போகிறது, சிவப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. இடிக்கவும் மாட்டார்கள், பூசவும் மாட்டார்கள்.

அவர் கோபக்காரர் என்று வளாகம் முழுக்கப் பேச்சு. மாணவிகள் அவரை அக்கா என்பார்கள். அவர் காதுக்கு எட்டாத தூரத்தில் 'பிரஷர் குக்கர்'. ஆரம்பத்தில் அவர் அப்படி இல்லை. ஒழுகும் இடங்களுக்கு வாளி வைத்து, வாளிகளுக்கு எண் போட்டு, சிரித்துக்கொண்டே சமாளித்தவர்தான். மேல்தளச் சுவர்களில் பச்சை படர்ந்தபோது பராமரிப்புப் பிரிவுக்குப் போய்க் கேட்டார். "பிளான்ல இல்லாத கட்டடத்துக்கு எப்படிம்மா சிமெண்ட் வாங்குறது?" என்றார்கள்.

"இல்லாத கட்டடத்துலயா இத்தனை பொண்ணுங்க குளிச்சிட்டு கிளாசுக்கு வருதுங்க?"

அன்று தொடங்கிய கோபம்.

சென்ற புதன்கிழமை காலை மேல்தளக் குளியலறையின் கூரைக் காரை மொத்தமாகப் பெயர்ந்து விழுந்தது. கீழே நின்று முகம் கழுவிக்கொண்டிருந்த இயற்பியல் மாணவிக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் தலை. மருத்துவமனைக்கு அவளோடு போனவர் காப்பாளர்தான். பராமரிப்புப் பிரிவிலிருந்து வந்தது ஒரு பலகை: 'ஜாக்கிரதை'. கூரை முழுக்கவே ஊறிப் போயிருந்தது; எந்த அறையில் அடுத்தது விழும் என்று யாருக்கும் தெரியாது.

மறுநாள், நிர்வாகக் கட்டடத்தின் பெரிய கூடத்தில், புதிய திட்டத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டம். கண்ணாடிப் பெட்டிக்குள் வளாகத்தின் மாதிரி. அட்டைக் கட்டடங்கள், பஞ்சு மரங்கள், நகத்தளவு மனிதர்கள். திட்டப் பிரிவின் தலைவர் கையில் குச்சியோடு விளக்கிக்கொண்டிருந்தார். காப்பாளர் எழுந்தார்.

"எங்க விடுதி எங்க சார் இதுல?"

"அந்தப் புல்வெளி வருது பாருங்க மேடம், அதுதான்."

"புல்வெளியில படுக்கச் சொல்றீங்களா?"

பின்வரிசையில் சிரிப்பு. தலைவரும் சிரித்தார். "ரெண்டாம் கட்டத்துலதான் இடிக்கிறோம். அவசரப்படாதீங்க."

"ரெண்டாம் கட்டம் எப்போ?"

"முதல் கட்டம் முடிஞ்சதும்."

"அது எப்போ?"

"நிதி வந்ததும்."

"கூரைக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது சார். அது நேத்தே ஆரம்பிச்சிருச்சு."

அவர் கேட்டது ஒன்றுதான்: இந்த மாதமே கூரையைச் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் பிள்ளைகளுக்கு வேறு இடம் கொடுங்கள். "உங்க கருத்தைப் பதிவு பண்ணிக்கிட்டோம்" என்றார் தலைவர். அடுத்த கேள்வி வாகன நிறுத்தம் பற்றி.

வெள்ளிக்கிழமை மதியம், பல்கலைக்கழகப் பேருந்து ஓட்டும் தன் கணவரிடம் கேட்டார்: "என்னங்க, பஸ் சும்மாதானே நிக்குது?"

"எதுக்குக் கேக்குற?"

"மெத்தை ஏத்தணும். அந்தப் பெரிய கூடத்துக்கு."

"ஏம்மா, ரெண்டு பேருக்கும் சேர்த்தே சீட்டைக் கிழிச்சிருவானுங்க."

"கிழிக்கட்டும். இன்னொரு பிள்ளைய என்னால ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போக முடியாது."

கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

மேல்தள மாணவிகள் நாற்பது பேர். மூன்று நடையில் மெத்தை, பெட்டி, புத்தகம் எல்லாம் வந்து சேர்ந்தன. "கண்டக்டரே, வழிய விடும்மா!" என்று படியில் நின்ற மனைவியைப் பார்த்து ஓட்டுநரும் ஒருமுறை கத்திப் பார்த்தார். நிர்வாகக் கட்டட வாசலில் காவலாளி கையை விரித்து மறித்தார்.

"அக்கா, யாரு பர்மிஷன் குடுத்தா?"

"மேலேருந்துதான்பா. பொத்துன்னு விழுந்துச்சு."

காவலாளி கையை எடுத்துவிட்டார். சாயங்காலத்துக்குள் கண்ணாடிப் பெட்டி சுவரோரம் போய்விட்டது. ஈரத் துண்டுகளுக்கு நாற்காலிகள் கிடைத்தன. திட்டப் பிரிவின் தலைவர் ஓடிவந்து, "இது மீட்டிங் ஹால் மேடம்!" என்றார். "ஆமா சார், நல்ல கூரை" என்றார் காப்பாளர்.

சனிக்கிழமை இரண்டு தாள்கள் வந்தன. முதலாவது, கூரையைப் பார்வையிடத் திங்கட்கிழமை காலை பொறியாளர் வருவதாகச் சொல்கிறது. இரண்டாவது, அதே நாள் மதியம் காப்பாளர் விசாரணைக் குழுவின் முன் வர வேண்டும் என்கிறது.