மஞ்ச மாவும் நாலு நாள் லீவும்

என் சித்தி பதினோரு வருஷமாக ஒரு மீன் பதனிடும் கம்பெனியின் கேன்டீனில் சமைக்கிறாள். அவளுடைய கஞ்சிக்கு அங்கே இருக்கும் மரியாதை மேலாளருக்குக்கூடக் கிடையாது. ரவைபோல உடைத்த மக்காச்சோளத்தைக் கொதிக்கும் தண்ணீரில் தூவிக் கிண்டி, பூண்டும் மிளகும் தக்காளியும் சேர்த்துக் காரமாகப் பிரட்டிய இறாலையும் கணவாய் மீனையும் மேலே ஒரு கரண்டி ஊற்றித் தருவாள். விடிந்ததிலிருந்து ஐஸில் கைவிட்டு மீன் கழுவுகிறவர்கள் ஒன்பதரை மணிக்கு ரப்பர் பூட்ஸோடு வந்து, முதலில் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பார்கள். விரல் சூடேறிய பிறகுதான் ஸ்பூனைத் தேடுவார்கள்.

நல்ல பெயர் எடுத்ததே சித்திக்கு வினையாகப் போயிற்று. லீவு கிடைக்கவில்லை.

அவளும் என் அம்மாவும் நாலு நாள் மலைப்பக்கம் போய்வருவதாகத் திட்டம். கல்யாணம், கருமாதி தவிர அக்காளும் தங்கையும் சேர்ந்து எங்கேயும் போனதில்லை. சனிக்கிழமைக்கு பஸ் டிக்கெட் எடுத்தாயிற்று. அம்மா பக்கத்து வீட்டில் ஸ்வெட்டர்கூட இரவல் வாங்கிவிட்டாள். மேலாளர்தான் தலையாட்டவில்லை.

"உங்களுக்குக் காய்ச்சல் வந்தப்ப என்ன ஆச்சு? கஞ்சி அடிப்பிடிச்சு, அத்தனை பேரும் என் ரூம் வாசல்ல வந்து கிண்ணத்தைத் தட்டினாங்க. செய்முறையை எழுதிக் குடுங்க. அதைப் பார்த்து வத்தல் செய்யட்டும். நீங்க கிச்சன் படியைத் தாண்டக் கூடாது. கஞ்சி சரியா வந்தா லீவு."

வத்தல் என்பவர் கேன்டீனில் டீ போடுகிறவர். முப்பது வயது, எலும்பும் தோலும். சொன்னதைச் சொன்னபடி செய்வார். சொல்லாததை உயிரே போனாலும் செய்ய மாட்டார்.

எழுதும் வேலை என்னிடம் வந்தது. எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அதனால் சித்தி என்னைப் 'பட்டம்' என்றே கூப்பிடுவாள். எட்டு மாதமாக வேலை கிடைக்காததால், "நூல் எங்க சிக்கிக்கிச்சு, இன்னும் பறக்கக் காணோமே?" என்றும் சேர்த்துக்கொள்வாள். மூன்று வருஷம் படித்து என்ன தெரிந்துகொண்டேன் என்று எனக்கே பல நாள் சந்தேகம் உண்டு. விண்ணப்பம் எழுதத் தெரியும். அதனால் இந்தக் காகிதத்தை விழுந்து விழுந்து எழுதினேன்.

சித்தி பூண்டு உரித்துக்கொண்டே சொன்னாள். "மஞ்ச மாவு எட்டுக் கிலோ. போட்டுக்கோ."

"மஞ்ச மாவா? மஞ்சத்தூள்னு நினைச்சுக்கப் போறாங்க சித்தி."

"எங்க கிச்சன்ல அப்படித்தாண்டி சொல்லுவோம்."

"ஆபீசுக்குப் போற காகிதம். ஒழுங்கா எழுத வேணாமா?"

"சரி தாயே, நீ படிச்சவ."

'சோள மாவு எட்டுக் கிலோ' என்று எழுதி, அடியில் அளவுகோல் வைத்துக் கோடும் போட்டேன்.

வியாழக்கிழமை காலை சித்தியும் நானும் பரிமாறும் ஜன்னலுக்கு வெளியே நின்றோம். உள்ளே வத்தல் காகிதத்தை மேடையில் வைத்து, காற்றில் பறக்காமல் ஒரு தக்காளியை அதன் மேல் உட்காரவைத்தார். ஒன்று, இரண்டு என்று விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். சித்திக்குப் பெருமை. "பார்றி, பரீட்சை எழுதுற மாதிரி செய்றான்."

பிறகு கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த துடுப்பு நின்றுவிட்டது. வத்தல் இழுத்தார். துடுப்போடு அண்டாவும் சேர்ந்து வந்தது.

சித்தி எட்டிப் பார்த்தாள். முகம் மாறியது. படியைத் தாண்டினால் லீவு போச்சு. ஒரு நொடி யோசித்தவள், தட்டு அடுக்கிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வரிசையில் முதல் ஆளாக நின்றாள்.

"என்னய்யா, பசிக்குது! என்ன அது அண்டாவுல?"

"கஞ்சிக்கா."

"கஞ்சியா அது? போஸ்டர் ஒட்டுற பசைய்யா! வெள்ளை வெளேர்னு இருக்கு!"

வரிசை மொத்தமும் எட்டிப் பார்த்துச் சிரித்தது. மேலாளர் ஓடி வந்தார். "நீங்க பேசக் கூடாதும்மா."

"சமைக்கக் கூடாதுன்னுதான சொன்னீங்க? சாப்பிட வந்தவ பேசக் கூடாதா?"

வத்தல் காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். "இதுல சோள மாவுன்னு போட்டிருக்கு சார். டப்பாவுலயும் சோள மாவுன்னுதான் ஒட்டியிருக்கு." அது குழம்பு கெட்டியாவதற்குக் கரைத்து ஊற்றும், பவுடர் மாதிரியான வெள்ளை மாவு. மஞ்சள் ரவை இருந்த மூட்டையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"மூளைன்னு ஒண்ணு இருக்கா உனக்கு?" என்று மேலாளர் வத்தலைப் பிடித்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். இருக்கவும் நினைத்தேன் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் வத்தலின் கையில் இருந்தது என் கையெழுத்து.

"அவர் மேல தப்பு இல்ல சார். மஞ்ச மாவுன்னுதான் சித்தி சொன்னாங்க. நான்தான் திருத்தினேன்."

மேலாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன படிச்சிருக்கே?"

சொன்னேன். அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். 'சோள' என்பதை அடித்து 'மஞ்ச' என்று எழுதினேன். ஜன்னல் வழியாகக் காகிதம் மறுபடி உள்ளே போனது.

"முக்கால் மணி நேரம் தர்றேன். இந்தத் தடவை இந்தம்மா ஜன்னல் பக்கமும் நிக்கக் கூடாது."

சித்தியைக் கம்பெனி கேட்டுக்கு வெளியே கூட்டிப்போவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. லீவு கேட்டுத் தவம் கிடந்தவள், பத்தடிக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

"தூவும்போது கிண்டுறானோ இல்லியோ."

"எழுதியிருக்கேன்."

"இறாலை ரொம்ப நேரம் விட்டா ரப்பராயிடும்டி."

"அதையும் எழுதியிருக்கேன் சித்தி."

"எல்லாத்தையும் எழுதிட்டியா?" அவள் குரலில் லேசாகக் கோபம் இருந்ததுபோல் பட்டது. கேட் ஓரத்துச் சிமென்ட் கட்டையில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

பத்தேகாலுக்கு மேலாளரே வந்தார். மீசையில் மஞ்சளாக ஒரு துளி. "அப்படியே உங்க கஞ்சிம்மா. அண்டாவை வழிச்சுட்டாங்க. சனிக்கிழமை தாராளமா கிளம்புங்க."

சித்தி எழுந்து கும்பிட்டாள், சிரித்தாள், அக்காவுக்குப் போன் போடச் சொன்னாள். அவர் போனதும் என் கையைப் பிடித்தாள்.

"அப்படியேன்னாரே... கொஞ்சம்கூட வித்தியாசம் இல்லியாமா?"

"இல்லியாம்."

"ஒருத்தன்கூடவா ஒண்ணும் சொல்லல?"

நான் உள்ளே போய் அண்டாவில் ஒட்டியிருந்ததை வழித்துத் தின்றுபார்த்தேன். காரம், உப்பு, பதம் எல்லாமே சரியாக இருந்தது. காகிதத்தில் இனித் திருத்த ஒரு எழுத்தும் இல்லை. திரும்பி வந்து சொன்னேன்:

"உப்பு ஒரு சிட்டிகை கம்மி சித்தி."

"நினைச்சேன்!" என்றாள் சித்தி. முகமெல்லாம் பல்லாக, லீவு ஃபாரத்தில் கையெழுத்துப் போட ஆபீஸைப் பார்த்து நடந்தாள்.